பதினோராம் வாய்ப்பாடு

பிறந்ததிலிருந்தே எனக்கு ஒவ்வொரு கையிலும் ஆறு விரல்கள். சுண்டு விரலை ஒட்டி இன்னொரு சின்ன விரல். மற்றவற்றைப் போலவே மடங்கும், நீளும். திண்டிவனம் கடைத்தெருவில் அப்பா வளையல் கடை வைத்திருந்தார். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நோகாமல் வளையல் ஏற்றுகிறவருக்கு, சொந்த மகளின் கையில் ஏற்ற முடியவில்லையே என்று வருத்தம். அம்மாவின் வருத்தம் அதைவிடப் பெரியது. வெளியே போனால் என் கைகளை முந்தானையால் மூடிக்கொள்வாள்.

எனக்கு எட்டு வயதானபோது, விழுப்புரம் ஆஸ்பத்திரியில் அந்த இரண்டு விரல்களையும் எடுத்துவிடுவதென்று முடிவானது. அழைத்துப்போக ரயில்வேயில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, முந்தின நாளே வந்துவிட்டார். என்னிடம் ரயிலில் போகிறோம் என்று மட்டும் சொன்னார்கள். நானும் புதுப் பாவாடையை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று மாலை கடையில் மாமா என் அண்ணனுக்கு ஒரு வித்தை காட்டினார். பத்து விரல்களையும் விரித்து, இடப்பக்கத்திலிருந்து ஏழாவதை மடக்கச் சொன்னார். மடக்கிய விரலுக்கு இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் மூன்று. ஏழு ஒன்பது அறுபத்துமூன்று! ஒன்பதாம் வாய்ப்பாடு முழுவதும் அப்படியே வந்தது. நானும் கைகளை விரித்தேன்.

"உனுக்கு வராதும்மா," என்றார் மாமா, வாஞ்சையாகத்தான். "ரெண்டு விரல் ஜாஸ்தியா வச்சிக்கினு கணக்கு போட்டா பேஜாரா பூடும்."

அண்ணன் சிரித்தான். எனக்குக் கோபம் வந்தது. ஏழாவதை மடக்கினேன். இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஐந்து. அறுபத்தைந்தா? ஏழாம் வாய்ப்பாட்டில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது.

பக்கத்தில் அப்பா சிவப்பு வளையல்களை எண்ணிக்கொண்டிருந்தார். "நாலு டஜன், மேல மூணு."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் கடையில் யாரும் பத்துப் பத்தாக எண்ணுவதில்லையே! ஆறு டஜன் எழுபத்திரண்டு, மேலே ஐந்து.

"எழுபத்தேழு! ஏழு பதினொண்ணு எழுபத்தேழு!" என்று கத்தினேன்.

நான்காவதை மடக்கினேன். மூன்று டஜன், மேலே எட்டு, நாற்பத்துநான்கு. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பன்னெண்டு பதினொண்ணு சொல்லு, பாக்கலாம்."

கடைசி விரலை மடக்கினேன். பதினோரு டஜன், மேலே ஒன்றுமில்லை. "நூத்து முப்பத்திரண்டு!"

மாமா தன் கைகளை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "எனுக்குப் பத்தோட நின்னு பூடுதே! அக்கா, ஜல்தி வா! உம் பொண்ணு விரலு இன்னா பண்ணுது பாரு!"

வளையல் வாங்க வந்த பெண்களும் சூழ்ந்துகொண்டார்கள். அத்தனை பேர் நடுவில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு பிழையில்லாமல் செய்து காட்டினேன். அம்மா என் கைகளை எடுத்துத் தன் கன்னங்களில் வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாமா தனியாகவே ரயிலேறினார்.

பத்துப் பத்தாக எண்ணும்போது ஒன்பதுக்கு இருக்கிற குணம், பன்னிரண்டு பன்னிரண்டாக எண்ணும்போது பதினொன்றுக்கு வந்துவிடுகிறது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். ஆனால் அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், ஜெயித்தவளை ரயிலில் ஏற்றாமல் விட்டுவிட்டார்கள் என்பதுதான். அந்தக் கோபத்தில் நாள் முழுக்க நான் அம்மாவோடு பேசவில்லை. அவளோ நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தாள். ஏனென்று எனக்குப் புரியவில்லை.