அண்ணனுக்கு நான் சொல்லிக் கொடுத்த தெலுங்கு

எங்கள் அண்ணன் மறைந்து ஓர் ஆண்டு நிறைகிற இந்த நாளில், வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தங்கையின் வணக்கம். நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லாதவள் நான். ஐந்தாம் வகுப்பு வரைதான் படிப்பு. நினைவு மலரில் அத்தையும் எழுத வேண்டும் என்று அண்ணன் மகள் விடாமல் கேட்டதால் எழுதுகிறேன். எல்லோரும் அண்ணனைப் புகழ்ந்து எழுதியிருப்பார்கள். நானும் புகழத்தான் போகிறேன். ஆனால் எனக்கு அவர்மேல் எப்போதும் பொறாமை உண்டு. அதை மறைத்து எழுதினால் அது நான் எழுதியதாகாது.

அண்ணன் நகரிக்குப் பக்கத்தில் எங்கள் சின்ன ஊரில் பிறந்தார். அவர் பள்ளிக்குப் போன காலத்தில் ஆந்திரா தனியாகப் பிரிந்து, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இழுபறியாக இருந்தது. "நம்ம ஊரு மெட்ராஸோட போயிடும், பாத்துக்கினே இரு" என்று எங்கள் அப்பா, நைனா, அடித்துச் சொல்வார். அதனால் அண்ணனைத் திருத்தணியில் அத்தை வீட்டில் விட்டுத் தமிழ் படிக்க வைத்தார். பெண்பிள்ளை எதைப் படித்தால் என்ன என்று என்னை ஊரிலிருந்த தெலுங்குப் பள்ளிக்கு அனுப்பினார். கடைசியில் திருத்தணி மதராசுக்குப் போனது. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம்.

எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்குக் கரெண்டு வந்துகொண்டிருந்த நேரம் அது. கம்பம் நட வந்த லைன்மேன், தன்கூடவே சுற்றிக்கொண்டிருந்த அண்ணனைப் பார்த்து, சித்தூரில் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், தேறினால் வேலை நிச்சயம் என்றார். தேர்வு மட்டும் தெலுங்கில். அண்ணனுக்குத் தெலுங்கு பேச நன்றாக வரும். ஓர் எழுத்துகூடப் படிக்க வராது.

நைனா இடிந்துபோனார். அம்மாதான், "இன்னாத்துக்கு இப்டி குந்திக்கினு இருக்கற? பாப்பாதான் தெலுங்கு படிச்சவளாச்சே, அவ சொல்லித் தரட்டும்" என்றார்.

"நானே போறனே நைனா" என்றேன், கதவுக்குப் பின்னாலிருந்து.

"கம்பம் ஏறவா? பாவாடையக் கட்டிக்கினா?" என்றார் நைனா. வீடே சிரித்தது. அண்ணனும் சிரித்தார்.

மழைக்காலம் முடியும்வரை பாடம் நடந்தது. நான் வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொல்ல, அவர் அடுப்புக்கரியால் தரையில் எழுதுவார்.

"எல்லாம் ஜிலேபி மாரி சுத்திக்கினு கீது பாப்பா. எது இன்னான்னே தெர்ல."

"ஜிலேபி துன்னத் தெரியுது இல்ல? படி."

லைன்மேன் கொடுத்த புத்தகத்தை நான் வாசிக்க அவர் திருப்பிச் சொல்வார். ஃபியூஸ் கட்டையைக் கழற்றித் தன் பையில் போட்டுக்கொண்ட பிறகே கம்பத்தில் கால் வைக்க வேண்டும் என்ற இடம் எனக்கு மனப்பாடம். அவர் அதில்தான் தடுக்குவார். பதிலுக்கு எனக்குத் தமிழ் எழுத்தைக் கற்றுத் தந்தார். இன்று இதை நான் எழுத முடிவது அதனால்தான்.

அண்ணன் தேறினார். காக்கிச் சட்டையும் இடுப்பு பெல்ட்டுமாக அவர் வந்து நின்றபோது ஊரே கூடிப் பார்த்தது. நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. அடுத்த தையில் பங்காருபாளையத்தில் ஒரு மாந்தோப்பு வீட்டில் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார்கள். அந்த வீட்டுக்கு முதல் விளக்குப் போட்டதும் அண்ணன்தான். நான் ஒயரை எடுத்துக் கொடுக்கப் போனேன். "தொடாத பாப்பா, ஷாக் அடிக்கும்" என்றார். எனக்கா சொல்கிறார் என்று ஒயரைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

புயலிலும் மழையிலும் கம்பம் ஏறினார். ஒருமுறை விழுந்து கால் ஒடிந்தும் வேலையை விடவில்லை. எந்த ஊரில் மோட்டார் நின்றாலும், சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்து போவார். பிறகு திருப்பதியில் பயிற்சி தரும் வாத்தியாரானார். ஓய்வுக்குப் பின்னும் பக்கத்துப் பயிற்சிக்கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். எங்கே போனாலும் "சார், சார்" என்று பிள்ளைகள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ குத்தும்.

கடைசி நாட்களில் அவருடன் இருந்தேன். ஒரு பகல் கேட்டே விட்டேன்.

"நாந்தான் உனக்குத் தெலுங்கு சொல்லிக் குடுத்தேன்னு யாராண்டயாவது சொன்னியா அண்ணா?"

"இல்ல பாப்பா."

"ஏன்?"

"சொன்னா, அப்ப அவ ஏன் வேலைக்கு வரலன்னு கேப்பாங்க. அதுக்கு நான் இன்னா சொல்றது?"

பால் கொடுத்தேன். குடித்தார்.

அண்ணனைக் குழந்தைபோலப் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், தூக்கிச் செல்லத் தோள் கொடுத்தவர்களுக்கும், வைத்தியம் பார்த்தவர்களுக்கும், காரியம் முடியும்வரை அடுப்பெரிய விடாமல் சோறு கொண்டுவந்த அக்கம்பக்கத்தாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

அண்ணன் போன அன்று பயிற்சிக்கூடத்திலிருந்து பூமாலையோடு வந்த பிள்ளைகளில் இரண்டு பெண்களும் இருந்தார்கள். புத்தூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தியிடம், "நீங்களுமா கம்பம் ஏறுவீங்க?" என்று கேட்டேன்.

"ஏறுவோம் ஆயா. பசங்க அப்புறம்தான். சாரு எங்களத்தான் மொதல்ல ஏறச் சொல்வாரு."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். உள்ளங்கை காய்த்துப் போயிருந்தது. அந்தக் கையைப் பார்க்கவும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. அவளுக்கும் என் நன்றி.