சாரல் கலந்த எண்ணெய்

அண்ணன் உயிரோடு இருந்தவரை அவன் காரைப் பற்றி நான் அடித்த கிண்டல்களைச் சேர்த்தால் ஒரு லாரி லோடு வரும். "இது காரா, செக்கா?" என்று கேட்பேன். செக்காவது எள்ளைப் போட்டால் எண்ணெய் தரும். இது எண்ணெயை ஊற்றினால் புகை தரும். குற்றாலத்தில் மனிதர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போகிறார்கள். எங்கள் வீட்டில் கார் எண்ணெயைக் குடித்துவிட்டுத் திருநெல்வேலிக்குப் போகும்.

டர்போ வைத்த பெட்ரோல் கார். கம்பெனி கொடுத்த வேகம் போதாது என்று கோயம்புத்தூர் வரை கொண்டுபோய் ட்யூனிங் செய்துவிட்டு வந்தான். அதிலிருந்துதான் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. டர்போ காற்றை அழுத்தித் திணிக்கத் திணிக்க, பிஸ்டனைத் தாண்டிக் கீழே கசிகிற காற்றும் கூடுமாம். அந்தக் காற்று எண்ணெயைத் துளித் துளியாக அள்ளிக்கொண்டு வெளியேறும். விட்டால் அது மறுபடியும் இஞ்சினுக்குள்ளேயே போய் எரிந்து கரியாகும். அதை வழியிலேயே மறித்துப் பிடிக்க அண்ணன் ஒரு சின்ன அலுமினிய டப்பாவைப் பூட்டினான். அதற்குப் பெயர் கேட்ச் கேன். சேர்ந்த எண்ணெயை அவ்வப்போது அடியில் உள்ள திருகைத் திறந்து வடிக்க வேண்டும்.

"இஞ்சின் மூச்சு விடுது லே. அந்த மூச்சுல வார எண்ணெயை இது பிடிக்கும்" என்றான்.

"அப்போ எச்சிப் படிக்கம்னு சொல்லு."

அவன் கோபப்படவில்லை. எண்ணெய் மட்டம் பார்க்கிற டிப்ஸ்டிக்கைத் துடைத்துவிட்டு, "உனக்கு சாவி கிடையாது" என்றான். என்றைக்குமே தந்ததில்லை.

போன ஐப்பசியில், திருநெல்வேலியில் வேலை பார்த்த இடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரிகூடத் தங்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்த ஆம்புலன்ஸில் அவனோடு அவன் மனைவி, என் மதினி, ஏறிக்கொண்டார். பின்னால் காரை நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். கேட்டுக் கேட்டுக் கிடைக்காத சாவி அன்றைக்குத்தான் என் கைக்கு வந்தது.

மதினியின் அப்பா வடகரையில் நெல்லும் தென்னையும் பார்க்கிறவர். பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த மறுநாளே, காரைத் தள்ளிவிடச் சொன்னார். மதினி கேட்கவில்லை. அதே காரில் ஓட்டப் பழகி, தென்காசியில் தான் பாடம் நடத்துகிற பள்ளிக்கூடத்துக்கு அதிலேயே போய்வரத் தொடங்கினார். கடைசியில் அப்பாவும் மகளும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். ஓடுகிறவரை ஓடட்டும். இஞ்சினைத் திறக்க வேண்டிய அளவுக்குச் சீக்கு வந்துவிட்டால் மறுபேச்சில்லாமல் விற்றுவிட வேண்டும்.

கேனை வடிக்கிற வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஓட்டுவதைத் தவிர, காரைப் பற்றி எனக்குத் தெரிந்தது சீட் பெல்ட் போடுவது ஒன்றுதான். அதிலும் சில நாள் பக்கத்து சீட்டின் கொக்கியில் சொருகிவிட்டு, ஏன் மாட்டவில்லை என்று மல்லுக்கட்டுவேன். அப்படிப்பட்டவன் ஒரு காலி ஊறுகாய் பாட்டிலோடு மாதம் இரண்டு முறை பானெட்டுக்குள் தலையை விட்டேன். கறுப்பாக வரும். வடித்துவிட்டு மூடுவேன்.

இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்தது. எங்கள் குத்துக்கல்வலசையில் துவைத்துப் போட்ட துணி மூன்று நாளாகக் கொடியிலேயே கிடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை திருகைத் திறந்தேன். கறுப்பாக வரவில்லை. பால் தூக்கலாகப் போட்ட காபி மாதிரி, வெளுத்து, கொழகொழவென்று பாட்டிலில் இறங்கியது.

படம் எடுத்து மெக்கானிக்குக் கைப்பேசியில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "அண்ணாச்சி, எண்ணெயில தண்ணி கலந்திருக்கு. ஹெட் கேஸ்கட் போயிருக்கும். திறந்துதான் பாக்கணும்."

திறந்துதான் பார்க்க வேண்டும். உடன்படிக்கையில் இருந்த அதே வார்த்தை.

பாட்டிலை எங்கேயாவது ஒளித்துவிடலாமா என்று நான் சுற்றுமுற்றும் பார்த்த அதே நேரத்தில், தேங்காய் மூட்டையோடு ஆட்டோவில் வந்து இறங்கினார் மதினியின் அப்பா. அவருக்கு இப்படி ஒரு ராசி.

"என்ன தம்பி, பாட்டில்ல பாயாசமா?"

"இல்ல மாமா. காரு."

மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன். அதற்குள் மதினியும் வாசலுக்கு வந்துவிட்டார். பெரியவர் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். குரலில் அதட்டல் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"ஏட்டி, பேசினது பேசினதுதான? வித்துருவோம்."

மதினி பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அடுத்து டிப்ஸ்டிக்கை உருவினார். தேன் நிறத்தில் சுத்தமாக இருந்தது எண்ணெய்.

"எப்பா, இஞ்சினுக்குள்ள எண்ணெய் எண்ணெயாத்தான் இருக்கு. கேனுக்குள்ள மட்டும் பாலா இருக்கு. பள்ளிக்கூடம் ரெண்டு பாட்டு ஓடி முடியுத தூரம். இஞ்சின் நல்லா சூடாகும் முன்னாடி அணைச்சிருதேன். இட்லிக் கொப்பரை மூடியில வேர்க்கும்லா, அந்த மாதிரி கேனுக்குள்ள வேர்த்திருக்கும். வெளிய மழை வேற. அவுக தெனம் திருநவேலி வரைக்கும் போவாக. உள்ள ஈரம் நிக்காது."

"இட்லிக் கொப்பரையை வச்சா காருக்கு வைத்தியம் பாக்க?"

"கேஸ்கட் போயிருந்தா, இஞ்சினைக் குளுத்துத தண்ணி உள்ள இறங்கி, டேங்க்ல குறையணும்லா. குறையுதான்னு பாப்போம். குறைஞ்சா நீங்க சொன்னபடி வித்துரலாம்."

தண்ணீர் டேங்க் மங்கலான வெள்ளைப் பிளாஸ்டிக். உள்ளே பச்சை நிறத் தண்ணீர், மேல் கோட்டுக்கும் கீழ் கோட்டுக்கும் நடுவில் எங்கோ நின்றது. அந்த இடத்தில் அடையாளம் வைக்க வேண்டும். நான் பேனாவோடு ஓடி வந்தேன். பிளாஸ்டிக்கில் அது எழுதவில்லை. என் சட்டையில் எழுதியது.

மதினி காரின் கதவைத் திறந்தார். பக்கத்து சீட்டின் முன்னால் வெயிலுக்கு மறைப்பாக மடக்கி வைத்திருக்கும் அட்டையை இறக்கினார். அதில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. கண்ணாடியின் மூலையில் அரக்கு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருந்தது. அண்ணன் இருந்தபோது ஏதோ ஒரு பயணத்தில், முகம் கழுவுவதற்கு முன்னால் மதினி எடுத்து ஒட்டிவைத்தது. இப்போது மதினி வைப்பது கடுகளவு கறுப்புப் பொட்டு. அந்த அரக்குப் பொட்டை நகத்தால் பெயர்த்துக்கொண்டு வந்து, டேங்கின் மேல், தண்ணீர் நின்ற மட்டத்தில் வைத்து அழுத்தினார். பசை காய்ந்திருந்தது. விரலை எடுக்காமல் வெகுநேரம் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியவர் தலையைத் திருப்பிக்கொண்டு மூட்டையின் கட்டை அவிழ்த்தார்.

இனி இஞ்சின் நன்றாகச் சூடேறுகிற மாதிரி நெடுந்தூரம் ஓட்டிப் பார்க்க வேண்டும். "செங்கோட்டைப் பக்கம் போலாமா மதினி?" என்றேன்.

"மேக்க போனா இதவிட மழை. கிழக்க போனாத்தான் வெயிலு."

கிழக்கே என்றால் திருநெல்வேலி ரோடு. ஐப்பசிக்குப் பிறகு மதினி அந்த ரோட்டில் போகவில்லை. பள்ளிக்கூடத்து வேலையாகக் கூப்பிட்டாலும் ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்துவிடுவார். அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

கேனைத் துடைத்து மூடினேன். மதினி சாவியை எடுத்தார்.

பாவூர்சத்திரம் தாண்டியதும் சாரல் நின்றுவிட்டது. மதினி வைப்பரை நிறுத்தவில்லை. காய்ந்த கண்ணாடியில் அது கிரீச் கிரீச்சென்று போய் வந்தது. நான் இவ்வளவு நேரம் சும்மா இருந்தேன் என்றால் எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஆலங்குளம் வெயிலில் கிடந்தது. ஊரைக் கடந்த பிறகு மதினியே பேசினார்.

"இங்கன வச்சுத்தான் மாடு குறுக்க வந்து ஆம்புலன்ஸ் நின்னுச்சு. பின்னால நீங்க ஹாரன் அடிச்சீங்க. அந்த ஹாரன் சத்தம் கேட்டதும், அவுக வீட்டுக்கு வாராகன்னு ஒரு நிமிசம் நெனச்சுட்டேன். பக்கத்துலேயே படுக்க வச்சிருக்கு. அப்பயும் நெனச்சேன்."

எனக்கு இது தெரியாது. தடுமாறும்போது என் வாயில் உண்மை வந்துவிடும்.

"மதினி, நான் ஹாரன் அடிக்கல. கண்ணைத் தொடைக்கப் போனேன். முழங்கை பட்டுட்டு."

மதினி ரோட்டைப் பார்த்தபடியே ஓட்டினார். கொஞ்ச தூரம் கழித்து, "அதான. அவுக அவ்வளவு கேவலமா அடிக்க மாட்டாகளே" என்றார். சிரித்தார். அழவும் செய்தார். வைப்பரை நிறுத்தினார்.

திருநெல்வேலி எல்லையில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினோம். ஊருக்குள் போகவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினோம்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுமுறை. இஞ்சின் முழுக்க ஆறட்டும் என்று விடியும்வரை காத்திருந்து பானெட்டைத் திறந்தேன். இருந்து என்னவென்று பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று தங்கிவிட்ட பெரியவர் பக்கத்தில் நின்றார். கேனின் திருகைத் திறந்தேன். கறுப்பாக, கொஞ்சம்போல எண்ணெய் வந்தது. பால் இல்லை. டேங்கைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லாமல் தள்ளி நின்றுகொண்டேன். பெரியவர்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். முந்தின நாள் ஓடிய சூட்டிலும் பொட்டு விழவில்லை. பச்சை நிறத் தண்ணீர் சரியாக அதன் மட்டத்திலேயே நின்றது.

நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"பொட்டு வேற வச்சாச்சு. இனி எவன்கிட்டப் போய் இதுக்கு விலை பேச?" வேட்டியை உதறிக் கட்டினார். "ஏட்டி, என்னை வடகரையில கொண்டு விடு. இந்த மழையில பஸ்ஸுக்கு எவன் நிப்பான்."

இதுவரை அந்தக் காரில் ஒருமுறைகூட ஏறாதவர் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். ஊறுகாய் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டே நான் பானெட்டை மூடினேன். அது சரியாக விழவில்லை. மதினி ஓட்டுகிற சீட்டிலிருந்து இறங்கி வந்து, என்னை நகரச் சொல்லிவிட்டு, மறுபடி தூக்கி மூடினார்.