வாட்ச்மேன் நினைத்தால் கத்தும் ஹாரன்

கார் எலக்ட்ரீசியனான அவளுக்கு ‘நிரூபி’ என்று பெயர் வைத்ததே அவள் கணவன்தான். காதலிக்கிற காலத்தில், “உனக்காக உயிரையே கொடுப்பேன்” என்றான் அவன். “உயிரெல்லாம் வேணாம். வண்டிக்கு அடியில படுத்து அந்த நட்டைக் கழட்டிக் காட்டுங்க” என்றாள். நட்டு அசையவில்லை. முகமெல்லாம் கிரீஸோடு எழுந்து வந்தவனைக் கட்டிக்கொண்டாள். முயற்சி நிரூபணமாகிவிட்டதாம்.

ஒரு நாள் காலையில் அடுக்குமாடிக் குடியிருப்பின் செக்ரட்டரி அவளைக் கூப்பிட்டார். அவர் காரின் திருட்டு அலாரம் காரணமில்லாமல் கத்திக்கொண்டிருந்தது.

“எல்லாம் இந்த வாட்ச்மேன் வேலைம்மா. அவன் பக்கத்துல போனாலே கத்துது. சாயங்காலத்தோட அவனை அனுப்பிடப் போறேன். நீ ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு.”

தீர்ப்பை எழுதிவிட்டுச் சாட்சியைத் தேடுவது அதிகாரத்தின் பழைய வியாதி. கேட்டருகே நின்ற வாட்ச்மேனுக்கு முகம் செத்திருந்தது. இந்த வயதில் அவருக்கு வேறு யார் வேலை தருவார்கள்?

அவரைத் தெருமுனைக்குப் போய் நிற்கச் சொன்னாள் நிரூபி. அப்போதும் ஹாரன் கத்தியது.

“பாத்தியா? அங்க நின்னுக்கிட்டு மனசுல ஏதோ நினைக்கிறான்!”

அதையும் அவள் விட்டுவைக்கவில்லை. “அண்ணே, காரை நினைங்க!” என்று கூவினாள். சத்தமில்லை. “இப்ப நினைக்காதீங்க!” ஹாரன் அலறியது.

“நினைக்காதேன்னு சொன்னாதானே நினைப்பு வரும்?” என்றார் செக்ரட்டரி, வெற்றிப் புன்னகையோடு.

பானெட்டைத் திறந்தால் அலாரத்தைக் கிளப்பும் சுவிட்சில் கோளாறு என்று அதை மாற்றினாள். தப்பு. ஹாரனுக்குக் கரண்ட் போகும் ஒயரைப் பிடுங்கினால் அடங்கும் என்று பிடுங்கினாள். அது பெரிய தப்பு. அதுவரை விட்டுவிட்டுக் கத்தியது, இப்போது மூச்சுவிடாமல் கத்தத் தொடங்கியது. ஹாரனைக் கழற்றி, மாடிக்குத் தூக்கிப்போய், செக்ரட்டரி வீட்டுச் சோபாவில் வைத்தாள். கார் கீழே, வாட்ச்மேன் தெருவில், சோபாவில் ஒப்பாரி.

“சோறு போடாமலே எப்படிக் கத்துது?” என்றாள் நிரூபி. “வயித்துக்குள்ளயே கட்டுச்சோறு வச்சிருக்கு சார்! திருடன் ஒயரை வெட்டினாலும் கத்தணும்னு உள்ளயே ஒரு குட்டி பேட்டரி. அது கெட்டுப்போச்சு. ஒயரை யாரோ வெட்டிட்டாங்கன்னு அதுவே நினைச்சுக்கிட்டுக் கத்திச்சு. இப்ப நான் நிஜமாவே பிடுங்கிட்டேன், விடாம கத்துது.”

“காது கிழியுது, நிறுத்தித் தொலை!”

“நாலு திருகாணியைக் கழட்டினா நின்னுடும். முதல்ல அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க.”

வாட்ச்மேன் மாடிக்கு வந்தார். செக்ரட்டரி வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல சார்!” என்றார் வாட்ச்மேன். உண்மையிலேயே கேட்கவில்லை.

செக்ரட்டரி கொஞ்சம் உரக்கச் சொன்னார். வாட்ச்மேன் காதில் கை வைத்துக் குனிந்தார். நிரூபி திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. செக்ரட்டரி நரம்பு புடைக்கக் கத்தினார்:

“தப்பு உன் மேல இல்ல! என் மேலதான்! நீயே வேலையில இரு!”

அவர் கத்திக்கொண்டிருந்த பாதியிலேயே பேட்டரி நிரூபியின் கைக்கு வந்துவிட்டிருந்தது. நிசப்தத்தில் அந்தக் குரல் படிக்கட்டு முழுக்க உருண்டு இறங்கியது.

“இருக்கேன் சார்” என்றார் வாட்ச்மேன். “அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?”