காப்பாரில் ஆறிப்போன நண்டுக்கறி

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து எங்கள் வேன் கிளம்பியது. கிள்ளான் தாண்டி காப்பார். ஏறத்தாழ நாற்பத்தைந்து கிலோமீட்டர். பின்பக்கம் அரிசி மூட்டை, எண்ணெய், பால்மாவு, எல்லாவற்றுக்கும் மேலே உணவகத்தில் வாங்கிய பிரியாணிப் பொட்டலங்கள். மாதாமாதம் ஓர் அகதிக் குடும்பத்தைப் பார்க்கப் போகும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்களின் குழு இது. மதுரையிலிருந்து மலேசியாவுக்கு வேலைக்கு வந்த எனக்கு இதுதான் முதல் பயணம். அதனாலேயே ஒரு பெருமை வேறு!

முந்தின நாள் அந்த வீட்டுப் பெண் தர்ஷினியிடம் போனில் பேசியதும் நான்தான். இலங்கையிலிருந்து வந்தவள். கணவன் இல்லை, ஒரு மகள். "எத்தினை பேர் வாறியள் அக்கா? மச்சம் சாப்பிடுவியளோ?" என்று கேட்டாள். பத்துப் பேர், மீன் கறி எல்லாம் சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

"அவங்க பாவம், வசதியில்லாதவங்க. நாமதான் சாப்பாடு கொண்டு போவணும்," என்றார் வேனை ஓட்டிய மணியம் அங்கிள். குழுத் தலைவர் அவர்தான். கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் இல்லை. கிள்ளான் பாலம் கடந்ததும் செம்பனை மரங்கள் தொடங்கின.

பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். பட்டறை ஒன்றின் மாடியில் ஓர் அறையும் சமையலறையும். "வாங்கோ, இருங்கோ," என்று தர்ஷினி பாய் விரித்தாள். படம் எடுக்க, குழுவின் பதாகையைப் பிடித்துக்கொண்டு அவளை நடுவில் நிறுத்தினோம். "சிரிங்க லா, சிரிங்க!" என்றார் அங்கிள். அவள் சிரித்தாள். பிறகு பொட்டலங்களைப் பிரித்து, அவளுக்கும் மகளுக்கும் ஆளுக்கொன்று கொடுத்து, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் எங்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். தன் பொட்டலத்தை அவள் பிரிக்கவில்லை.

கை கழுவச் சமையலறைக்குப் போனேன். ஈரத்துணிக்கு அடியில் இடியப்பம், பெரிய சட்டியில் நண்டுக்கறி, சொதி, சம்பல். துடைத்து வைத்த பத்து வாழை இலை.

"என்ன தர்ஷினி இது?"

"ஒண்டுமில்லை அக்கா." தலையைக் குனிந்துகொண்டாள். "நீங்கள் மாசாமாசம் வெளியில சாப்பாடு எடுக்கிறியள் எண்டு கேள்விப்பட்டனான். ருசி பாத்தா எனக்கு அந்தச் சாப்பாட்டு ஓடரைத் தருவியள் எண்டு நினைச்சன். நிரந்தரமா ஒரு ஓடர் கிடைச்சா மகளின்ர படிப்பை நிப்பாட்டத் தேவையில்லை."

அகதிகளுக்கு இங்கே முறையான வேலை கிடையாது. பக்கத்துத் தொழிலாளிகளுக்குச் சமைத்துக் கொடுத்துத்தான் அவள் பிழைக்கிறாள். அவள் வீட்டுக்கே வேறொருவன் சமைத்ததைக் கொண்டுவந்து, அவள் கண்ணெதிரில் ஏப்பம் விட்டிருக்கிறோம். எத்தனை பேர் வருகிறீர்கள் என்று ஒரு வீட்டுக்காரி கேட்டால் எதற்குக் கேட்கிறாள் என்று மதுரையில் பிறந்தவளுக்குத் தெரியாதா? சீ, என்ன ஜென்மம் நான் என்றிருந்தது.

புறப்படும்போது எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்து எங்களிடமே கொடுத்துவிட்டாள். கொடுக்கப் போன வீட்டிலிருந்து வாங்கிக்கொண்டு வந்தோம். வேனில் ஒருவரும் திறக்கவில்லை. எல்லாருக்கும் வயிறு நிறைந்திருந்தது. ஷா ஆலம் வரும்போது என் போன் அடித்தது.

"அக்கா, ருசி எப்பிடி? உறைப்புக் கூடவோ?"

மடியிலிருந்த டப்பாவை அவசரமாகத் திறந்து ஒரு வாய் வைத்தேன். ஆறிப்போயிருந்தது. அப்படியும் அந்த ருசி! கண்ணில் தண்ணீர் வந்தது, உறைப்பினால் இல்லை.

"அங்கிள், அடுத்த மாசத்துச் சாப்பாட்ட தர்ஷினிகிட்டயே சொல்லிடலாமா?"

"அய்யோ, ரெஸ்டாரன் பாஸ் நம்ம கூட்டாளி லா," என்றார் அவர், சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பாப்போம், பாப்போம்."

எங்கள் ஊரில் இப்படி இழுத்து 'பார்ப்போம்' என்றால் என்ன அர்த்தமோ, இங்கும் அதேதான்.

"அண்ணை என்ன சொல்லுறார் அக்கா?" என்று போனில் கேட்டாள். வாயிலிருந்த நண்டுக்கறியை விழுங்கிவிட்டு, "பாப்போம்னு சொல்றார்," என்றேன்.