வெளியே திறக்கும் கதவுகள்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "அண்ணாச்சி கையில வேலை சுத்தம், வாயிலதான் சுத்தம் இல்ல" என்று என் சகலையே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறான். திருத்தங்கல்லில் எங்கள் வெல்டிங் பட்டறையில் நாங்கள் ரெண்டே பேர்தான். வீட்டுக் கதவு, கேட், ஜன்னல் கம்பி என்று முப்பது வருஷப் பிழைப்பு. அதனால் வெம்பக்கோட்டைப் பக்கமிருந்து ஒரு பட்டாசுக் கம்பெனியின் போர்மேன் வந்து பன்னிரண்டு கதவு வேண்டும் என்று கேட்டபோது, "இவ்வளவுதானா?" என்றேன். திமிர்தான், வேறென்ன.

ஆறு அறைகள். அறைக்கு எதிரும் புதிருமாக ரெண்டு கதவு. வெளிப்பக்கம் இரும்பு, உள்பக்கம் முழுக்கப் பலகை, ஏனென்றால் பட்டாசு மருந்து இருக்கிற பக்கம் இரும்பு தெரியவே கூடாது, உரசினால் பொறி பறக்கும். ஐந்து நாளில் மாட்டி முடிக்க வேண்டும்; ஆறாம் நாள் வெடிமருந்து இலாகா ஆபீசர் பார்வையிட வருகிறார். அங்கே போய்ச் சரி செய்துகொள்ளலாம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. பட்டாசுக் கம்பெனிக்குள் வெல்டிங் மிஷினைக் கொண்டுபோக எவன் விடுவான்? எல்லாவற்றையும் பட்டறையிலேயே முடித்து, அங்கே போல்ட் முடுக்குவதோடு சரி.

"போன மாசம் ஒரு ரூம்ல புகைஞ்சிருச்சு அண்ணாச்சி" என்றார் போர்மேன். "பழைய கதவு மழையில ஊறி உப்பிப்போயி மாட்டிக்கிச்சு. உள்ள இருந்த அக்கா முட்டி மோதித் தப்பிச்சு வந்தாக. முழங்கையெல்லாம் காயம். இப்ப, கதவ நான் பாத்துட்டுத்தான் உள்ள கால வைப்பேங்காக. அவுக வராம மத்த பொம்பளைகளும் வர மாட்டேங்காக. ஆபீசர் சரின்னு சொன்னாலும் அவுக சரின்னு சொல்லணும்."

நான் தலையை ஆட்டினேன். பாதிதான் காதில் விழுந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றே நாளில் பன்னிரண்டையும் முடித்தோம். விடிந்ததும் வெல்டிங் ராடைப் பிடித்தால் பொழுது சாயும்வரை குனிந்த முதுகு நிமிராது. மூன்றாம் நாள் மத்தியானம் போர்மேன் வந்தார். சுவரோரம் சட்டத்தோடு நிறுத்தி வைத்திருந்த கதவு ஒன்றை அவருக்கு முன்னால் ஒய்யாரமாகத் திறந்து காட்டினேன். மனிதர் கதவின் அந்தப் பக்கம் போனார், இந்தப் பக்கம் வந்தார்.

"அண்ணாச்சி, பலகை இருக்கது உள்பக்கம். அப்ப இது உள்ளயில்ல தொறக்குது?"

"கதவுன்னா உள்ளதான்யா தொறக்கும்! உங்க வீட்டுல வெளிய தொறந்து வர்ற விருந்தாளிய இடிச்சா தள்ளுவீக?" என்று கத்தினேன்.

கத்தி முடிக்கும்போதே எனக்கு உறைத்துவிட்டது. வீட்டுக்குக் கதவு செய்தால், வருகிறவர்களுக்கு வழிவிட்டு உள்ளே திறக்க வேண்டும். முப்பது வருஷமாக என் கைக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். நெருப்புப் பிடித்தால் உள்ளே இருப்பவள் கதவைத் தன் பக்கம் இழுத்துத் திறக்க நேரமிருக்காது. தள்ளிக்கொண்டு ஓடத்தான் முடியும். போர்மேன் முதல் நாளே காகிதத்தில் வெளிப்பக்கமாக அம்பு போட்டுக் கொடுத்திருந்தார். அந்தக் காகிதத்தை மேசையில் வைத்து அதன்மேல்தான் மூன்று நாளும் டீ கிளாஸை வைத்துக் குடித்திருக்கிறேன்.

திருப்பி மாட்டினால் தீராதா என்று கேட்பீர்கள். திருப்பினால் இரும்பு உள்ளே போய்விடும். பன்னிரண்டு கதவிலும் கீலை அறுத்தெடுத்து, சட்டத்தில் தடுப்புப் பட்டையை அறுத்தெடுத்து, எல்லாவற்றையும் மறுபக்கத்தில் ஒட்ட வேண்டும். கையில் இருந்தது அன்றைய மிச்சப் பொழுதும் நாலாம் நாளும் ஐந்தாம் நாள் காலையும்.

சகலை என்னைத் திட்டவில்லை. அதுதான் அதிகம் வலித்தது. கிரைண்டரை எடுத்துக்கொண்டு முதல் கதவின் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

செய்ததை அழித்து மறுபடி செய்வது போல உடம்பை உறிஞ்சும் வேலை உலகத்தில் வேறில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் நாலுதான் முடிந்தது. தகரக் கூரை சுட்டது. சகலை வாங்கி வந்த பரோட்டாவை மெல்லத் தாடையில் தெம்பில்லாமல் அப்படியே மூடி வைத்தேன். ஆறாவது கதவில் கை நடுங்க ஆரம்பித்தது. வெல்டிங் ஒட்டு, நூல் பிடித்தமாதிரி போக வேண்டிய இடத்தில் கோணல்மாணலாகப் போனது. ராடை எறிந்துவிட்டு, "என்னால ஆகாதுலே, போய் முடியலன்னு சொல்லிருவோம்" என்றேன்.

"போய் யாருட்டச் சொல்லுவீக? போர்மேன்ட்டயா, அந்த அக்காட்டயா?" என்றான் அவன், தலையைத் தூக்காமலேயே.

சனியன் பிடித்தவன். எறிந்த ராடை நானே போய்ப் பொறுக்கி வந்தேன்.

அப்புறம் நடந்ததை இன்றுவரை என்னால் விளக்க முடியவில்லை. எட்டாவது கதவுக்குமேல் நடுக்கம் நின்றுவிட்டது. அலுப்பு போகவில்லை, அது பாட்டுக்கு இருந்தது. ஆனால் கை தனியாக வேலை பார்த்தது. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்ததாகத்தான் சொல்ல வேண்டும். அதுவரை என் வாழ்நாளில் போட்டதிலேயே நல்ல ஒட்டு அந்தக் கடைசி நாலு கதவில் இருக்கிறது. யார் போட்டது என்று கேட்டால், சத்தியமாக எனக்குத் தெரியாது. ஐந்தாம் நாள் பத்து மணிக்கு வண்டியில் ஏற்றினோம்.

கம்பெனி வாசலோடு வண்டி நின்றுவிட்டது. அதற்குமேல் எதுவும் உருண்டு போகக் கூடாதாம். செருப்பை அங்கேயே விட்டு, உடம்பில் ஏறிய மின்சாரம் இறங்கச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போக வேண்டும். அறைகள் தூரத்தில் தள்ளித் தள்ளி நின்றன. இரும்பைத் தரையில் இழுக்கவும் கூடாது, போடவும் கூடாது. முதல் கதவை நானும் சகலையும் தூக்கிப் பத்து எட்டு வைப்பதற்குள் என் முழங்கால் மடங்கிவிட்டது.

வேப்ப மரத்தடியில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கையில் கட்டுப் போட்டிருந்த ஒருத்தி எழுந்து வந்தாள். "விடுங்க அண்ணாச்சி" என்றாள். கதவுக்கு நாலு பேராகத் தூக்கிக்கொண்டு, வெந்த மண்ணில் வெறுங்காலோடு, ஒரு சத்தமில்லாமல் நடந்தார்கள். பன்னிரண்டு கதவும் போய்ச் சேர்ந்தது. நாங்கள் போல்ட் மட்டும் முடுக்கினோம்.

மாட்டி முடித்ததும் அந்த அக்கா எங்களை ஒதுங்கி நிற்கச் சொன்னாள். அறைக்கு நாலு பேராக எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்து கதவுகளைச் சாத்திக்கொண்டார்கள். பன்னிரண்டில் ஒன்று இறுகி மாட்டிக்கொண்டாலும் போச்சு.

உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது: "ஓடுங்கடி!"

பன்னிரண்டு கதவும் ஒரே நேரத்தில் வெளியே திறந்துகொண்டன. யார் கையும் கதவில் படவில்லை. தோளால், இடுப்பால் தள்ளிக்கொண்டு எல்லாரும் பொட்டலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். நான் வாயைப் பிளந்தபடி நின்றேன். அம்மாடி! என் கதவு இப்படித் திறக்கும் என்று எனக்கே தெரியாது.

மற்றவர்கள் சிரித்தார்கள். அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பவும் தனியாக உள்ளே போய் ரெண்டு கதவையும் சாத்திக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. போர்மேன் என்னைப் பார்த்தார், நான் சகலையைப் பார்த்தேன்.

அப்புறம் கதவு லேசாகத் திறந்தது. உள்ளேயிருந்து ஒரு கை நீண்டது.

"ஏட்டி, அந்த வெளக்கமாத்த எடுத்துக் குடுங்கடி. ஒரு மாசக் குப்பை அம்புட்டும் இங்கன கெடக்கு."