பத்தாவது ஃபெயிலுக்குக் கிடைத்த சேல்ஸ் வேலை

அந்தப் பவுடரின் நெடி மூக்கில் ஏறினால் நாலு தும்மல் நிச்சயம்... கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனி. பாத்திரம் தேய்க்கிற பவுடர் செய்தார்கள்.

வீடு வீடாகப் போய் விற்கப் பெண்கள் தேவை என்று கேட்டில் போர்டு. டிகிரி, இங்கிலீஷ், இரண்டு வருட அனுபவம்.

மூன்றுமே என்னிடம் இல்லை. திருப்பாச்சூர் பக்கத்தில் கிராமத்துப் பள்ளிக்கூடம், பத்தாவதில் கணக்கில் போனவள் நான். கல்யாணமாகி இங்கே வந்த புதிது. மில்லில் கை நசுங்கி வீட்டுக்காரர் மூன்று மாதமாக வீட்டில்... எனக்கும் வேலை இல்லையென்றால் ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தோம்.

ஈஸ்வரா, நீயே பார்த்துக்கொள் என்று உள்ளே போய்விட்டேன்.

"டிகிரி இருக்குதாம்மா?" என்றார் மேனேஜர்.

"இல்ல சார்."

"இங்கிலீஷ்?"

"வராது சார்."

"அப்போ இன்னாதான் வரும் உனக்கு?"

"தமிழ்ல நல்லா பேசுவேன் சார். நிறுத்த மாட்டேன்."

சிரித்துவிட்டார். அன்று என்னோடு வந்தவர்கள் இரண்டு பி.காம். பெண்கள். மூன்று பேருக்கும் பத்துப் பத்து பாக்கெட் கொடுத்து, சாயங்காலம் வரச்சொன்னார். அதுதான் பரீட்சை.

அன்று வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமைக்காக எல்லா வீட்டிலும் விளக்கு துலக்கும் நாள். எனக்கு ஒரே சந்தோஷம். முதல் வீட்டு அக்காவிடமே காமாட்சி விளக்கைக் கேட்டு வாங்கி, பவுடரைப் போட்டுத் தேய்த்துக் காட்டினேன்.

விளக்கு கறுத்துவிட்டது...

"அடிப்பாவி, எங்கம்மா குடுத்த வெளக்குடி. இன்னாத்தப் போட்டுத் தேச்சே?"

ஓடிவிடலாம் போல இருந்தது. ஆனால் சாமி விளக்காயிற்றே. "கொஞ்சம் புளி குடுங்கக்கா" என்று குழாயடியில் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் தேய்த்த பிறகுதான் பழைய நிறம் வந்தது. அந்த அக்காவே காபி கொண்டுவந்து கொடுத்தார்.

"எவர்சில்வருக்கு நல்லா இருக்கும்கா. வெளக்குக்கு மட்டும் வேணாம்," என்றேன். ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டார். அடுத்த வீடுகளிலும் இதையே சொன்னேன். நாலுதான் விற்றது.

அந்த இரண்டு பெண்களும் பத்தையும் விற்றுவிட்டார்கள்.

"நம்ம சரக்க நீயே வேணாம்னு சொல்லிக்கினு வந்தியா?" மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அழுதேன். ராத்திரியே பாத்திரங்களை மூட்டை கட்டினோம்.

மறுநாள் காலை, மனுவில் எழுதியிருந்த விலாசத்தைப் பார்த்துக்கொண்டு கம்பெனி வாட்ச்மேன் சைக்கிளில் வந்து நின்றார். போய்ப் பார்த்தால், ஆபீஸ் வாசலில் ஏழெட்டுப் பெண்கள்... ஒவ்வொருவர் கையிலும் கறுத்த விளக்கு. அந்த இரண்டு பெண்களும் விளக்குக்கும் ஆகும் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழம. சாயங்காலம் நாங்க இன்னாத்த ஏத்தறது?" என்று சத்தம். "நேத்து பக்கத்துத் தெருவுல ஒரு பொண்ணு வெளக்குக்கு வேணாம்னு சொல்லிச்சாமே, அத அனுப்பு. அதுகிட்டதான் இனிமே வாங்குவோம்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "வேலைக்கு வந்துடும்மா. மொதல்ல இந்த வெளக்கெல்லாம் தேச்சுக் குடு."

பதினெட்டு வருஷம் அந்தக் கம்பெனியில் இருந்தேன். எத்தனை வாசல், எத்தனை சொம்புத் தண்ணீர்... முகத்தைப் பார்த்தே வாங்குவாரா மாட்டாரா என்று சொல்லிவிடுவேன். இப்போது காலிங் பெல் அடித்தால் கேமராதான் பதில் சொல்கிறது.

என் மகள் எம்.பி.ஏ., மார்க்கெட்டிங். ரூமில் உட்கார்ந்தபடியே லேப்டாப்பில் எங்கெங்கோ இருப்பவர்களுக்கு விற்கிறாள். அவள் பேசும் இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரியும். வாங்குகிறவர் முகத்தை அவள் பார்த்ததே இல்லை, பாவம்.

நேற்று சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். யாரோ ஒரு கஸ்டமரிடம் அரை மணி நேரம் இங்கிலீஷிலேயே பேசினாள். போனை வைக்கப்போகும்போது குரலைத் தணித்துக்கொண்டு தமிழில் கேட்டாள்.

"உங்க அம்மாவுக்கு முட்டி வலி இப்போ பரவால்லையா சார்?"

எனக்குக் குழம்பைக் கிளறக்கூடத் தோன்றவில்லை. அப்படியே நின்றுவிட்டேன்.