மகள் கேட்ட லென்ஸ்

பிள்ளைகளே, இது நான் செய்த தப்பு.

என் தங்கை மகனுக்கு மந்தைவெளிக் கோயிலில் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் பூசை. ஸ்டுடியோக்காரர் வேண்டாம், படங்களை நானே எடுக்கிறேன் என்று என் மகள் சொல்லியிருந்தாள். கேமரா வாங்க இருவரும் தி.நகர் போனோம். பல மாதம் படித்துப் பார்த்து அவள் ஒரு முடிவோடு வந்திருந்தாள்.

"அப்பா, கேமரா செகண்ட் ஹேண்டே போதும். மிச்சக் காசுல இருட்டுலயும் எடுக்கிற லென்ஸ் வாங்கிடலாம். பூசையில ஃபிளாஷ் போட விடமாட்டாங்க."

கடைக்காரர் சிரித்தார். "இன்னா சார், பாப்பா உங்களுக்கே கிளாஸ் எடுக்குது? புதுசு எடுங்க. ரெண்டு லென்ஸ் கீது, பையும் ஃப்ரீ."

நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன். "சும்மா இரும்மா, அவருக்குத் தெரியாததா?" என்று அவர் காட்டியதையே வாங்கினேன்.

புதுநன்மை அன்று அந்த லென்ஸ்களுக்குக் கோயில் வெளிச்சம் போதவில்லை; உள்ளே எடுத்த படங்களில் ஒரு முகம்கூடத் தெளிவாக இல்லை.

"இதுக்கா ஸ்டுடியோக்காரர வேணாம்னு சொன்ன?" என்று என் தங்கை எல்லார் முன்னாலும் கேட்டாள்.

மகள் என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு, "எனக்குத்தான் சரியா எடுக்கத் தெரியல அத்தை" என்றாள்.

பக்கத்திலேயே நின்ற நான் அதை மறுக்கவில்லை. என் தங்கையிடம் இன்றுவரை உண்மையைச் சொல்லவும் இல்லை. உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன்.